அணைந்து கிடக்கும்போது நேரத்தை எண்ணுவது யார்?

சில வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை இது நடந்தது. இடம், கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் என் கடை. செவ்வாய்க்கிழமை என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். அன்றைக்கு மாலை நாலு மணி வரைக்கும் யாராவது கேட்டிருந்தால் திங்கட்கிழமை என்று சத்தியமே செய்திருப்பேன். அந்த ஒரு நாள் வித்தியாசம்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக இறங்கும் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. அதில் ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடமும் எடுப்பதால் சந்து முழுக்க எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

தமிழ் எழுத்து என் கடையில் இருப்பது ஒரே இடத்தில்தான். கோயம்புத்தூரிலிருந்து மாமா வருடாவருடம் அனுப்பும் தினசரி காலண்டர். இங்கே எல்லார் வீட்டிலும் மாதத்துக்கு ஒரு தாள் உள்ள மலையாளக் காலண்டர்தான் தொங்கும். எங்களுக்கு மட்டும் ராகு காலம், எமகண்டத்தோடு நாளுக்கு ஒரு தாள் கிழிக்க வேண்டும். அதற்கு அப்பா வைத்துவிட்டுப்போன சட்டமும் உண்டு. கடையைத் திறந்து, விளக்கேற்றி, அப்புறம்தான் தாளைக் கிழிக்க வேண்டும். முதல் நாளே கிழிக்கக் கூடாது. நாளை வரும் நாளை அவசரப்பட்டுக் கூப்பிடக் கூடாதாம். அதனால் ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலையில் இரண்டு தாளாகக் கிழிப்பேன். சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று. பல வருடப் பழக்கம். கை தன்பாட்டுக்குச் செய்துவிடும்.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

என் கணினி பழையது. அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிறிய பேட்டரி உண்டு. கணினியை அணைத்துவிட்டாலும் அது மட்டும் விழித்திருந்து தேதியையும் நேரத்தையும் காப்பாற்றும். அந்த பேட்டரி தீர்ந்துபோய் மாதக்கணக்காகிவிட்டது. அதனால் தினமும் காலையில் கணினியைப் போட்டவுடன் திரையின் மூலையில் ஒரே தேதிதான் வரும். பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி ஒன்று. அந்தக் கணினி பிறந்த வருடம் அது. மற்றதெல்லாம் மறந்துபோனால் அதற்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வரும்.

எனக்கும் அந்த வருடம் ஞாபகம் இருந்தது. அந்த ஜனவரியில் நான் களமசேரி பல்கலைக்கழகத்தில் கணினிப் பயன்பாட்டில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் புத்தகம், வளாகத்தில் இறங்கியதும் லேபுக்கு ஓட்டம். அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கடையைப் பார்க்க ஆள் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை.

அதனால் காலையில் அந்த ஜனவரி ஒன்று மூலையில் தெரியும்போது உடனே மாற்ற மனசு வராது. ஒரு சாயா குடித்து முடிக்கும் வரை அப்படியே விட்டு வைப்பேன். வெளியே மூட்டை இறக்கும் சத்தம், சுக்கு வாசனை, உள்ளே எனக்கு இருபத்திரண்டு வயது. இன்னும் எதுவும் நடக்கவில்லை. பஸ் இன்னும் கிளம்பவில்லை. சாயா தீர்ந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு, காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியைக் கணினியில் போடுவேன். எறணாகுளம் பிராட்வேயில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பேட்டரிதான். ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் "மறந்துவிட்டேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மறக்கவில்லை. வாங்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். முந்தின நாள் ஹர்த்தால். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் தெரியுமே, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். ஞாயிறும் ஹர்த்தாலும் சேர்ந்து இரண்டு நாள் தூக்கம். அடுத்த நாள் கடையைத் திறந்தேன், விளக்கேற்றினேன், காலண்டரில் இரண்டு தாளைக் கிழித்தேன். பதினேழு என்று வந்தது. கணினியைப் போட்டு, என் ஜனவரியைப் பார்த்தபடி சாயா குடித்து, பதினேழு என்று தேதியை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். வாரத்தின் முதல் வேலைநாள் திங்கட்கிழமை இல்லாமல் வேறென்ன?

மதியம் மூன்று மணிக்கு ஒரு அக்கா வந்தார். மாநகராட்சித் துப்புரவு வேலை. எங்கள் தெருவில் வீடு வீடாகக் குப்பை எடுக்க வருவார். தினமும் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, அதிகம் பேசியதில்லை. அவர்களும் தமிழ்தான். அவருடைய தாத்தா காலத்தில் வேலைக்காக இங்கே வந்தவர்களாம். பேசுவது தமிழ், எழுதப் படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். அன்று சீருடை மேல் கோட்டைக் கழற்றி மடித்து, அதற்குள் மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"டீச்சரே, மோளுக்கு அப்ளை செய்யணும். களமசேரில. கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இண்ணைக்குத்தானே கடைசி நாளு?"

களமசேரி என்றதும் எனக்குள் ஏதோ அசைந்தது. ஃபைலை வாங்கிப் பார்த்தேன். மகளின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஒரு பாஸ்போர்ட் போட்டோ. எல்லாம் சரியாக இருந்தது. கடைசி நாள் பதினெட்டு, மாலை ஐந்து மணி. திரையின் மூலையைப் பார்த்தேன். பதினேழு.

நாளைக்குத்தான் கடைசி என்றேன். மழையில் இன்டர்நெட் இழுத்துக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் வந்தால் நிதானமாகச் செய்யலாம், பதறிப் பதறிச் செய்தால் தப்பு வரும் என்று ஒரு அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தேன். ஊருக்கு உபதேசம் செய்ய எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அவர் தயங்கினார். "இண்ணைக்குன்னுதான் மோளு சொன்னா" என்று இழுத்தார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி, தேதியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மிஷீன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான்தான் தேதியை மறந்துவிட்டேன் போல என்று தன்னையே நொந்துகொண்டார். ஃபைலை மறுபடி கோட்டுக்குள் சுற்றினார்.

அவர் எழுந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நல்லவேளை, மழை அவரை விடவில்லை. சந்து முழுக்க ஓடையாக ஓடியது. மழை குறையட்டும் என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஏதோ லேமினேஷன் வேலையில் இருந்தேன். மூன்றே முக்கால் இருக்கும், கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ்ஸின் பேட்டரியும் எப்போதோ செத்துப்போயிருந்தது. என் கடையில் உயிரோடு ஒரு பேட்டரியாவது இருந்ததா என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

இருட்டிய கடைக்குள் இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மிளகு மூட்டை நனைந்தால் ஒரு வாசனை வரும், காரமும் மண்ணும் கலந்தது போல. அது சந்துக்குள் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. கணினி முனகிக்கொண்டு எழுந்தது. மூலையில் என் பழைய ஜனவரி ஒன்று வந்து உட்கார்ந்தது.

அக்கா அதைப் பார்த்துவிட்டார். இங்கிலீஷ் எழுத்துதான் தெரியாது, எண் தெரியுமே. "ஐயோ, இதென்ன டீச்சரே, வருஷம் பின்னால போயிருச்சே?" என்று சிரித்தார். பிறகு சட்டென்று ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் பாடம் படித்த ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி.

"நல்ல மிஷீன்னா இப்படி ஆகாதில்ல? அது ஓஃப் ஆகிக் கிடக்கும்போ, உள்ள உக்காந்து சமயம் எண்ணுறது யாரு?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேலையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். உள்ளே அரிசிமணி அளவில் ஒரு படிகக் கல் இருக்கிறது என்றேன். அந்த பொத்தான் பேட்டரியிலிருந்து துளி மின்சாரம் போனால் போதும், அந்தக் கல் நடுங்க ஆரம்பித்துவிடும். ஒரு விநாடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு முறை. அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிச்சம் சரியாக ஒன்று. அதுதான் ஒரு விநாடி. நாம் கடையைப் பூட்டிக்கொண்டு போன பிறகும், ஊரே தூங்கினாலும், இருட்டில் அந்தக் கல் நடுங்கி நடுங்கி நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். களமசேரி லேபில் இதை முதல்முதலாகக் கேட்ட நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அக்கா வாயைத் திறந்தபடி கேட்டார். அந்தச் சில நிமிடம் நான் உண்மையிலேயே டீச்சராக இருந்தேன்.

"அப்போ இந்த மிஷீன்ல அந்தக் கல்லு எண்ணலையா?"

பேட்டரி தீர்ந்துவிட்டது, அதனால் கரண்ட் போனால் கல் நின்றுவிடும், தேதி மறந்துவிடும் என்றேன்.

"அப்போ அதுக்கு நாளு சொல்லிக் குடுக்கிறது யாரு?"

"நான்தான் அக்கா. தினமும் காலையில."

"டீச்சருக்கு?"

காலண்டர் என்று சுவரைக் காட்டினேன்.

"காலண்டருக்கு?"

"அதுக்கும் நான்தான். நான் தாளைக் கிழிச்சாத்தானே..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் பாதியில் நின்றேன். அக்காவும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் மடக்கி எண்ணினார். ஞாயிறு பதினாறு. திங்கள் ஹர்த்தால். அப்புறம் மெல்ல, எனக்கு மனசு நோகக் கூடாது என்பது போல, சொன்னார்.

"டீச்சரே, இண்ணைக்கு நான் பிளாஸ்டிக் எடுத்தேன். பிளாஸ்டிக் செவ்வாய்க்கிழமைதான் எடுப்போம்."

பையைத் துழாவி என் போனை எடுத்தேன். காலையிலிருந்து அது பைக்குள்ளேதான் கிடந்தது. பதினெட்டு. ஹர்த்தாலுக்கும் சேர்த்து மூன்று தாள் கிழித்திருக்க வேண்டும். மணி நாலு அடிக்க மூன்று நிமிடம்.

தேதியைச் சரிசெய்து விண்ணப்ப இணையதளத்தைத் திறந்தேன். கடைசி நாள் கூட்டம், பக்கம் பாதி வந்து நிற்கும், மறுபடி தட்டினால் முதலிலிருந்து தொடங்கும். பெயர், முகவரி, பதிவெண் என்று ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தோம். அக்கா மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஓடிபி அவர் போனுக்கு வந்தது. பாதிப் படிவம் ஏறியிருக்கும், நாலு இருபத்தைந்துக்கு மறுபடி கரண்ட் போனது. திரை கறுத்தது.

இந்த முறை எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எதிரில்தான். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு பெண்ணின் களமசேரி கைவிட்டுப் போனதற்கு நோய் காரணம், விதி காரணம் என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு பெண்ணின் களமசேரி போவதற்கு, என் சாயா நேரத்துக் கனவைத் தவிர எந்தக் காரணமும் இல்லை. அந்தப் பெண் அப்போது அக்கரையில் எறணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா போயிருக்கிறாள், டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்திருப்பாள்.

அக்கா என் தோளைத் தொட்டார். "கரையண்டாம் டீச்சரே. அழறதுக்கு அஞ்சு மணிக்கு மேல சமயம் இருக்கு. போன்ல ஆகாதா?"

ஆகும். எனக்குத்தான் அந்த மேஜையை விட்டால் வேறு உலகம் இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. போனில் திறந்தேன். பாதிப் படிவம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. ஸ்கேன் செய்து வைத்ததெல்லாம் அணைந்த கணினிக்குள் மாட்டிக்கொண்டதால், சான்றிதழ்களை மறுபடி படம் பிடிக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் வாசலில்தான் இருந்தது. ஸ்டூலை வாசலுக்கு இழுத்து, அதன் மேல் காகிதத்தை வைத்தேன். அக்கா தன் சீருடைக் கோட்டை இரண்டு கையாலும் விரித்து, மேலே கூரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு முழுக்க நனைந்தது. போட்டோ பெரிதாக இருக்கிறது என்று தளம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. வெட்டிச் சுருக்கி மூன்றாவது முறை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டது.

நாலு ஐம்பத்தொன்றுக்கு விண்ணப்ப எண் வந்தது. அவர் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லி, மனப்பாடம் ஆகும் வரை தானும் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் கோட்டை இறக்கினார்.

எனக்குத் திட்டு வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை. அதனால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஜனவரி, பாதியில் விட்ட படிப்பு, வாங்காத பேட்டரி, எல்லாம். கேட்டுக்கொண்டே சான்றிதழ்களை ஃபைலுக்குள் அடுக்கினார். அப்புறம் குறும்பாகச் சிரித்து, "கனவு காணணும்னா வீட்ல கண்ணை மூடிக் காணுங்கோ. பத்து பேரு நாளு கேக்கிற மிஷீன்ல வேணாம், கேட்டோ" என்றார். எழுந்து கோட்டை உதறினார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, எனக்காகச் சொன்னது போலவும் தனக்காகச் சொன்னது போலவும் இதைச் சொன்னார்.

"எனக்கு அப்பவே ஒரு சம்சயம் உண்டாயிருந்துச்சு டீச்சரே. காலைல பிளாஸ்டிக் சாக்கு தூக்கின கை இது. ஆனா மிஷீனும் டீச்சரும் ஒண்ணா சொல்லும்போ, நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

அவர் திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை. தேதி சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் அவர்தான். வாயைத் திறக்கவும் செய்தார். விரலால் திரையைத் தட்டிக் காட்டி நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் படகில் ஏறி எறணாகுளம் போனேன். பிராட்வேயில் அந்த பேட்டரியை வாங்கிவந்து, கணினியின் மூடியைக் கழற்றினேன். தூசிக்கு நடுவில் அந்தச் சின்னக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தி வைத்தேன். கணினியைப் போட்டதும் அந்த ஜனவரி ஒன்று கடைசியாக ஒருமுறை வந்தது. அன்றைக்குச் சாயா சொல்லவில்லை. உடனே மாற்றிவிட்டேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. இப்போது காலையில் சில நாள் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறேன். ஜன்னலோர இடம் பிடிக்க முண்டியடித்து ஏறுவாள். என்னைப் பார்த்தால் டீச்சரே என்று கையசைப்பாள். அன்று என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியுமா என எனக்குத் தெரியாது. அக்கா சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

என் கணினி இப்போது ஒரு நாளும் தேதி மறப்பதில்லை. ஆனாலும் காலையில் விளக்கேற்றிய கையோடு, தாளைக் கிழிக்கும் முன், குப்பை வண்டியோடு சந்தில் திரும்பும் அக்காவுக்காகக் காத்திருந்து, "இண்ணைக்கு என்ன நாளு அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிழிக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார், ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்கிறார்.